ஆடிக் கடலைப் பார்க்காத அறிக்கையை வைத்து முடிவெடுக்காதீர்கள்

ஒன்றிய சுற்றுச்சூழல், வனம் மற்றும் காலநிலை மாற்ற அமைச்சருக்கும் அமைச்சக அதிகாரிகளுக்கும் ஒரு திறந்த மடல்

மாண்புமிகு அமைச்சர் அவர்களே, அதிகாரிகளே,

2025 செப்டம்பர் 8 அன்று உங்கள் அமைச்சகம் ஓர் அலுவலகக் குறிப்பாணை வெளியிட்டது. அணுக் கனிமங்களையும், முக்கியக் கனிமங்கள், உத்திசார் கனிமங்கள் என்று பட்டியலிடப்பட்டவற்றையும் தோண்டும் சுரங்கத் திட்டங்களுக்கு இனிப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்க வேண்டியதில்லை என்கிறது அது. குத்தகை நிலம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அந்தத் திட்டங்கள் ஒன்றிய அளவிலேயே பரிசீலிக்கப்படும் என்றும் சொல்கிறது. பாதுகாப்பு அமைச்சகமும் அணுசக்தித் துறையும் ஆகஸ்டில் கேட்டன. செப்டம்பர் இரண்டாவது வாரத்தில் நீங்கள் கொடுத்துவிட்டீர்கள். இடையில் எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டத்துக் கடலோரத்தில் பிறந்தவள். அதே கடலோரத்துப் பள்ளிகளில் முப்பது வருடத்துக்கு மேல் பூகோளம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள். எனக்கு எந்தக் கட்சியும் இல்லை, எந்த அமைப்பிலும் பொறுப்பு இல்லை. உங்கள் குறிப்பாணை எங்கள் ஊரில் எதைப் பறித்திருக்கிறது என்பதை உங்களுக்கு நேராகச் சொல்லவே எழுதுகிறேன்.

கீழ்மிடாலம், மிடாலம், இனயம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு ஆகிய ஊர்ப் பகுதிகளில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்க ஒன்றிய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் திட்டம் வைத்திருக்கிறது. தோரியமும் அரிய மண் தனிமங்களும் உள்ள மோனசைட், அதோடு இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், கார்னெட், சில்லிமனைட் எல்லாம் கலந்த மணல். இதற்கான பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் 2024 அக்டோபர் 1 அன்று நடப்பதாக அறிவிப்பு வந்தது. எங்களில் பலர் கூட்டமே வேண்டாம், திட்டத்தைக் கைவிடுங்கள் என்றார்கள். நான் கூட்டம் நடக்கட்டும், போய்ப் பேசுவோம் என்ற பக்கத்தில் நின்றேன். அதற்காக உறவுக்காரர்களிடமே வாங்கிக் கட்டிக்கொண்டேன். எதிர்ப்பு பலமாக இருந்ததால் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. ஓராண்டுக்குள் உங்கள் குறிப்பாணை வந்து, தள்ளிவைத்த கூட்டத்தை நடத்தவே வேண்டியதில்லை என்றாக்கிவிட்டது. பேசுவோம் என்று சொன்ன என்னைப் போன்றவர்கள் இன்று ஊரில் தலை நிமிர்த்த முடியவில்லை. "பார்த்தியளா டீச்சர், கேக்கியதுக்கே ஆளில்ல" என்று என்னிடம் படித்த பையன் ஒருவன் சொன்னான். அவனுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

1,144 ஹெக்டேர் என்றால் சுமார் 2,827 ஏக்கர், பதினொன்றரை சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 2011 கணக்கெடுப்பின்படி எங்கள் மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். மலையையும் காட்டையும் சேர்த்து வருகிற சராசரி இது. அந்தச் சராசரியில் கணக்குப் போட்டாலே இவ்வளவு நிலத்துக்கு 12,700 பேர் வருகிறார்கள். கடலோரத்தில் ஒரு வீட்டுச் சுவருக்கும் அடுத்த வீட்டுச் சுவருக்கும் நடுவில் கை நுழையாது, அவ்வளவு நெருக்கம். குத்தகை எல்லைக்குள் எத்தனை வீடு, எத்தனை கிணறு, எத்தனை தென்னந்தோப்பு வருகிறது, எல்லைக்கு வெளியே ஒட்டி நிற்பவர்கள் கதி என்ன என்பதுதான் அந்தக் கூட்டத்தில் நான் முதலில் கேட்க நினைத்த கேள்வி. இப்போது அதை எங்கே போய்க் கேட்பது?

நாட்டின் பாதுகாப்பு என்கிறீர்கள். அதை நான் அலட்சியமாக எடுத்துக்கொள்ளவில்லை. 2025 ஏப்ரலில் சீனா அரிய மண் தனிமங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டபோது மின்வாகனம் முதல் ஏவுகணை வரை காந்தத்துக்குத் திண்டாட்டம் வந்ததைப் படித்தேன். தோரியம் இந்தியாவின் அணுசக்தித் திட்டத்துக்கு எவ்வளவு முக்கியம் என்று நானே வகுப்பில் பாடம் நடத்தியிருக்கிறேன். ஆனால் பாதுகாப்பு என்பதற்காகக் கூட்டத்தை விலக்குவதாக இருந்தால், அந்தக் கூட்டத்தில் ஏதோ ஒரு ரகசியம் வெளிப்பட்டுவிடும் என்று இருக்க வேண்டும். எங்கள் மணலில் என்ன ரகசியம் இருக்கிறது? 1909ல் ஷாம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் மணவாளக்குறிச்சியிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து, அதில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். அப்போது ஐரோப்பாவில் வாயு விளக்குத் திரிக்கு தோரியம் தேவைப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் மணவாளக்குறிச்சியில் ஆலை வந்தது. நூறு வருடத்துக்கு மேலாக இந்தக் கரையில் என்ன இருக்கிறது என்று உலகத்துக்கே தெரியும். கயிற்றைத் திரித்தது எங்கள் பாட்டிமார். காயலில் ஊறப்போட்ட தேங்காய்த் தொண்டை அடித்து, நாரெடுத்து, மணலில் உட்கார்ந்து திரித்தார்கள். என் பாட்டியின் உள்ளங்கை மரப்பட்டை மாதிரி இருக்கும். அவர்கள் கையிலிருந்து போன மணல் ஜெர்மனி வரை போய்ச் சேர்ந்தது. அந்த மணலைப் பற்றி அவர்கள் பேத்தி பேசினால் நாட்டுக்கு எந்த வகையில் ஆபத்து வரும்?

கருத்துக்கேட்பு என்றால் என்ன என்பதை நான் சட்டப் புத்தகத்தில் மட்டும் படித்தவள் இல்லை. பல வருடங்களுக்கு முன்னால் வேறொரு தனியார் திட்டத்துக்கு எங்கள் பக்கத்தில் ஒரு கூட்டம் நடந்தது. அதற்கு முன்பு, அந்தத் திட்டத்தால் சுற்றுச்சூழலுக்கு என்ன ஆகும் என்று எழுதிய முழு அறிக்கையைப் பார்க்க ஓர் அரசு அலுவலகத்துக்குப் போனேன். நானூறு பக்கத்துக்கு மேல், எல்லாம் ஆங்கிலம். தமிழில் சுருக்கம் மட்டும் பதினெட்டுப் பக்கம் இருந்தது. நகல் எடுக்க விடவில்லை. இரண்டு நாள் போய் உட்கார்ந்து நோட்டில் எழுதி எடுத்துவந்தேன். கரையின் அளவு, அலையின் உயரம், கிணற்று நீரின் உப்பு என எல்லாமே தை, மாசி, பங்குனியில் எடுத்த கணக்கு. வாசிக்கும்போதே எனக்கு உறுத்தியது. ஆனால் அதைச் சபையில் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

கூட்டத்தன்று என் முறை வருவதற்கு முன்பே ஒரு பெரியவர் எழுந்தார். எழுபது வயதிருக்கும், கரையில் நின்று கரமடி வலை இழுத்தே வாழ்ந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. அறிக்கையில் கரையிலிருந்து இத்தனை மீட்டர் என்று வாசித்ததைக் கேட்டுவிட்டு, "சாரே, நீங்க அளந்தது தை மாசத்துல. ஆனி ஆடியில ஒருக்க வந்து அளந்து பாருங்க. இப்ப நீங்க நாற்காலி போட்டு இருக்கிய இடத்துல கடல் வந்து நிக்கும்" என்றார். பிறகு கடல் நீரோட்டங்களைப் பற்றி, வாநீவாடு எப்போது திரும்பும், சோநீவாடு எப்போது அடிக்கும், எந்த மாதத்தில் எந்தப் பக்கத்து மணல் எந்தப் பக்கம் போகும் என்று பத்து நிமிடம் சொன்னார். மேடையில் இருந்த அதிகாரி, நல்ல மனிதர், குறுக்கே பேசாமல் எழுதிக்கொண்டார். சாயங்காலம் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசித்தபோது பெரியவர் சொன்னது அதில் இருந்தது. பின்னால் வந்த அனுமதியில், கட்டுமானம் கரையிலிருந்து இன்னும் தள்ளிப் போக வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்ந்திருந்தது. அந்தப் பெரியவர் இப்போது இல்லை. அவர் அன்று பேசியது நிபந்தனையாக எழுத்தில் இருக்கிறது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், சுரங்கத் திட்டங்களின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கு அடிப்படைத் தரவை ஒரே ஒரு பருவத்தில், அதுவும் மழைக்காலம் அல்லாத பருவத்தில் எடுத்தால் போதும் என்பதே இன்றும் வழக்கம். உங்கள் நிபுணர்களுக்கு இது தெரியும். ஆனால் எங்கள் கரையில் எல்லாம் நடப்பது மழைக்காலத்தில்தான். ஆனியிலும் ஆடியிலும் மேற்குக் கடல் ஏறி வரும். வெள்ளை மணலை வாரிக்கொண்டு போகும். கனமான கறுப்பு மணல் மட்டும் பாய் விரித்த மாதிரி படிந்து கிடக்கும். கடல் அடங்கிய பிறகு மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக மணலைத் திருப்பிக் கொண்டுவந்து போடும். சில வருடம் முழுதும் திரும்பாது. அந்த வருடங்களில்தான் வீடுகள் போகின்றன. என் அம்மா பிறந்த வீடு இருந்த இடத்தில் இப்போது கடலரிப்பைத் தடுக்கப் போட்ட தூண்டில் வளைவின் கல் கிடக்கிறது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்த வீட்டு முற்றத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் இரண்டு வரிசைத் தென்னை இருந்தது, வள்ளம் ஏற்றிவைக்க இடம் இருந்தது.

தை மாதத்தில் அளந்தவருக்கு இது எதுவும் தெரியாது. அவர் பொய் எழுதவில்லை. அவர் வந்தபோது கடல் அப்படித்தான் இருந்தது. மழைக்காலத்துக் கடல் அந்த அறிக்கைக்குள் வருவதற்கு இருந்த ஒரே வழி, கரையில் இருப்பவர்கள் எழுந்து நின்று சொல்வது. நீங்கள் அடைத்திருப்பது அந்த வழியை. நிபுணர் குழு டெல்லியில் பரிசீலிக்கும் என்கிறீர்கள். அவர்கள் கையில் இருக்கப்போவது தை மாதத்து அறிக்கைதானே?

கூட்டம் நடந்திருந்தால் கேட்டிருக்க வேண்டியவை இன்னும் இருக்கின்றன. கனிமத்தைப் பிரித்த பிறகு மிச்ச மணலைக் குழியிலேயே நிரப்பிவிடலாம் என்பது இந்தத் தொழிலில் எப்போதும் சொல்லும் பதில். நிரப்பலாம். ஆனால் கனமான மணியெல்லாம் போன பிறகு மிஞ்சும் இலேசான மணல் ஆடிக் கடலுக்கு முன்னால் எத்தனை நாள் நிற்கும்? சாதாரண வருடத்திலேயே கடல் முதலில் தூக்கிக்கொண்டு போவது இலேசான மணலைத்தானே. அப்புறம் தண்ணீர். எங்களுக்கு ஏரி கிடையாது. மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேல் நிற்கிறது. பத்துப் பதினைந்து அடியில் கிணறு வெட்டினால் குடிக்கிற தண்ணீர் கிடைப்பது அதனால்தான். அந்த மணல் மேட்டை வெட்டி எடுத்தால் நல்ல தண்ணீர் எதன் மேல் நிற்கும்? கரையை ஒட்டி ஓடும் பழைய ஏ.வி.எம். கால்வாய்க்குக் கடல் பக்கம் இருக்கும் தெருக்களில் இப்போதே கோடையில் கிணறு கரிக்கிறது. இதற்கெல்லாம் நல்ல பதில் இருக்கலாம். இருந்தால் எங்கள் முன்னால் சொல்லட்டும்.

கதிர்வீச்சைப் பற்றி நிதானமாகவே பேச விரும்புகிறேன், ஏனென்றால் எங்கள் ஊரில் இதைப் பற்றிப் பயமும் புரளியும் நிறைய. எங்கள் மணலில் இயற்கையாகவே கதிர்வீச்சு அதிகம். கேரளத்தின் கருநாகப்பள்ளியில் இதே மாதிரி மணலில் வாழும் மக்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து நடத்திய ஆய்வு 2009ல் வெளிவந்தது. இயற்கைக் கதிர்வீச்சால் அங்கே புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்பது அதன் முடிவு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது மண்ணில் கிடக்கிற மணலைப் பற்றிய ஆய்வு. அதே மணலைத் தோண்டி, குவித்து, லாரியில் ஏற்றி, தூசி பறக்கத் தெரு வழியாகக் கொண்டுபோகும்போது பக்கத்து வீட்டுக் குழந்தை எவ்வளவு சுவாசிக்கும் என்பது தனிக் கேள்வி. என் தங்கை நாற்பத்தாறு வயதில் புற்றுநோயில் இறந்தாள். திருவனந்தபுரத்துக்கும் ஊருக்குமாக இரண்டு வருடம் அலைந்தோம். எங்கள் தெருவில் மட்டும் எனக்குத் தெரிந்து இப்படி ஆறு பேர். மணல்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை, சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. எங்கள் தெருவுக்கு வந்து யாரும் எண்ணவில்லை என்று மட்டும் சொல்கிறேன். தோண்டுவதற்கு முன்னால் இங்கே யாருக்கு என்ன நோய் இருந்தது என்ற கணக்கு இல்லாவிட்டால், தோண்டிய பிறகு எது எதனால் வந்தது என்று எவரும் நிரூபிக்க முடியாது. அந்தக் கணக்கை எடுங்கள் என்று கேட்கும் இடமும் கருத்துக்கேட்புக் கூட்டம்தான்.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு 1986ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் 1994ல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை. பொதுமக்களைக் கேட்க வேண்டும் என்பது 1997ல் சேர்ந்தது. 2006 செப்டம்பர் 14 அறிவிக்கை அதை இன்னும் தெளிவாக எழுதியது. முப்பது நாளாவது முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். கூட்டம் திட்ட இடத்திலோ அதற்கு மிக அருகிலோ நடக்க வேண்டும். முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும். அன்றைக்கே நடவடிக்கைக் குறிப்பை மக்கள் மொழியில் விளக்கிச் சொல்ல வேண்டும். எழுந்த முக்கியமான கவலைகளுக்கெல்லாம் பதில் எழுதி, அறிக்கையைத் திருத்திய பிறகே திட்டக்காரர் அதை இறுதி செய்ய வேண்டும். கூட்டத்தை நடத்தி நடவடிக்கைக் குறிப்பை அனுப்பி முடிக்கச் சட்டம் கொடுத்திருக்கும் காலம் 45 நாள். தலைமுறைக்கும் மாறப்போகிற நிலத்தைப் பற்றி அங்கே வாழ்கிறவர்களிடம் பேச 45 நாள் அதிகம் என்று உங்கள் அமைச்சகம் முடிவு செய்திருக்கிறது. வேகம்தான் நோக்கம் என்றால் நீங்கள் மிச்சம் பிடித்தது அந்த 45 நாளைத்தான்.

2006 அறிவிக்கையிலேயே விலக்கு கொடுக்க இடம் இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது. நாட்டின் பாதுகாப்பு தொடர்பான, அல்லது ஒன்றிய அரசு உத்திசார் முக்கியத்துவம் உள்ளது என்று தீர்மானிக்கும் திட்டங்களுக்கு கருத்துக்கேட்பு வேண்டாம் என்கிறது ஏழாவது பத்தி. ஆனால் ஒரு திட்டத்தை எடுத்து, அதன் காரணத்தைப் பார்த்து, இது அப்படிப்பட்டது என்று தீர்மானிப்பது வேறு. கனிமப் பட்டியலில் இருக்கும் அத்தனை கனிமத்துக்கும், நாட்டில் எந்த மூலையில் எந்த நிறுவனம் எடுத்தாலும், மொத்தமாக விலக்கு என்று ஒரே கடிதத்தில் எழுதுவது வேறு. முன்னது விதிவிலக்கு. பின்னது விதியையே மாற்றுவது. விதியை மாற்றுவதற்கென்று 1986 விதிகளில் 5(3) வழி சொல்கிறது: வரைவை வெளியிட வேண்டும், ஆட்சேபம் சொல்ல 60 நாள் கொடுக்க வேண்டும், வந்த ஆட்சேபங்களைப் பரிசீலிக்க வேண்டும். சட்ட அறிவிக்கைக்கு எதிராக ஒரு நிர்வாகச் சுற்றறிக்கை நிற்க முடியாது என்று 2020 ஏப்ரலில் அலெம்பிக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த வழக்கு வேலையைத் தொடங்கிவிட்டுப் பிறகு வாங்கும் பின்தேதி அனுமதி பற்றியது என்று தெரியும். என்றாலும் அதில் உள்ள நியாயம் இங்கேயும் பொருந்தும் என்பது என் எண்ணம்.

நீங்கள் ஏன் அந்த வழியில் போகவில்லை என்று என்னால் ஊகிக்க முடிகிறது. 2020ல் நீங்கள் அந்த வழியில் போனீர்கள். புதிய தாக்க மதிப்பீட்டு வரைவைக் கொரோனா ஊரடங்கு நேரத்தில் வெளியிட்டீர்கள். அதில் முப்பது நாள் முன்னறிவிப்பை இருபதாகக் குறைத்திருந்தது. அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் அதை மொழிபெயர்க்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் ஜூன் 30 அன்று உத்தரவிட்டது. நாடு முழுவதும் இருந்து லட்சக்கணக்கானவர்கள் எழுதினார்கள். நானும் எழுதினேன், கைப்பட எட்டுப் பக்கம். அந்த வரைவு இறுதியாகவே இல்லை. ஆனால் அதில் செய்ய நினைத்தது போன்ற தளர்வுகள் அதன் பிறகு திருத்தங்களாகவும் குறிப்பாணைகளாகவும் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கின்றன. வரைவாக இருந்தால் தமிழில் கேட்கலாம், எதிர்த்து எழுதலாம். அலுவலகக் குறிப்பாணை வந்த பிறகுதான் வந்ததே தெரிகிறது. மக்களுக்குச் சொல்லாமல் மக்களைக் கேட்கும் விதியை எடுப்பதை என்னால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அதே செப்டம்பர் மாதம் தமிழ்நாடு முதலமைச்சரும் இதைத் திரும்பப் பெறச் சொல்லிப் பிரதமருக்கு எழுதினார்.

கேட்காமல் போனால் வேலை சீக்கிரம் முடியும் என்று உங்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். மதுரை மேலூர் பக்கத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி, 2,015 ஹெக்டேர். 2024 நவம்பரில் ஏலம் முடிந்தது என்ற செய்தி வந்தபோதுதான் தங்கள் வயலும் குளமும் மலையும் அதற்குள் இருப்பது அங்கே பலருக்குத் தெரிந்தது. 2022லேயே பல்லுயிர் மரபுத் தலமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்த அரிட்டாபட்டியும் அதற்குள் இருந்தது. மக்கள் ஊர் ஊராகக் கூடினார்கள். சட்டமன்றம் டிசம்பரில் தீர்மானம் போட்டது. ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஆயிரக்கணக்கில் நடந்தே போனார்கள். ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசே ஏலத்தை ரத்து செய்தது. ஏலத்துக்கு முன்பே அந்த ஊர் மந்தையில் உட்கார்ந்து ஒரு நாள் பேசியிருந்தால் இத்தனை பேருடைய இத்தனை மாதம் மிச்சமாகியிருக்கும். டங்ஸ்டன் உத்திசார் கனிமப் பட்டியலில் இருக்கிறது. அதாவது உங்கள் குறிப்பாணைப்படி, அடுத்த அரிட்டாபட்டியில் கருத்துக்கேட்பு என்ற கட்டமே வராது.

எங்கள் பக்கத்துக்கும் இது புதிது இல்லை. 2016 ஜூலையில் இனயத்தில் சரக்குப் பெட்டகத் துறைமுகத்துக்குக் கொள்கையளவில் ஒப்புதல் என்று டெல்லியில் அறிவித்தபோது, இனயத்துக்காரர்கள் அதைச் செய்தியில்தான் கேட்டார்கள். பிறகு பெரிய போராட்டம், பிறகு இடம் மாற்றினார்கள், அங்கேயும் எதிர்ப்பு. தோண்டிய பிறகு கண்காணித்துக்கொள்ளலாம் என்ற வாக்கையும் எங்களால் எளிதில் நம்ப முடியாது. தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி கடற்கரைகளில் தனியார் மணல் எடுப்பைப் பற்றி 2025 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் மத்தியப் புலனாய்வு விசாரணைக்கு உத்தரவிட்டதே, அது எத்தனையோ ஆண்டுகள் எத்தனையோ அலுவலகங்கள் கண் முன்னால் நடந்ததைப் பற்றித்தான்.

நான் கேட்பது இவை.

2025 செப்டம்பர் 8 குறிப்பாணையைத் திரும்பப் பெறுங்கள். ஏதேனும் ஒரு தனித் திட்டத்துக்குப் பாதுகாப்புக் காரணத்தால் உண்மையிலேயே விலக்கு தேவை என்றால், அந்தத் திட்டத்தின் பெயரைச் சொல்லி, எது ரகசியம் என்பதற்கான காரணத்தை எழுத்தில் பதிவு செய்து, அந்த ஒன்றுக்கு மட்டும் கொடுங்கள். கருத்துக்கேட்பு விதியை மாற்ற வேண்டும் என்று நினைத்தால் வரைவாக வெளியிடுங்கள், தமிழ் உட்பட எல்லா மொழியிலும், 60 நாளோடு.

கடலோரச் சுரங்கத் திட்டங்களுக்கு ஒரு பருவத் தரவு போதாது என்று உங்கள் ஆய்வு வரம்புகளில் எழுதுங்கள். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கரை எங்கே இருக்கிறது, கிணறு எவ்வளவு கரிக்கிறது என்று அளக்காத எந்த அறிக்கையையும் நிபுணர் குழு எடுத்துக்கொள்ளக் கூடாது. முழு அறிக்கையும், சுருக்கம் மட்டும் இல்லை, முழு அறிக்கையும் தமிழில் ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் தேவாலயப் பங்குப்பேரவையிலும் இருக்க வேண்டும், நகல் எடுக்க அனுமதியோடு.

கிள்ளியூர் திட்டத்தைப் பொறுத்தவரை, அனுமதிக்கான அடுத்த அடி எதையும் எடுத்துவைக்கும் முன்பு, திட்டத்தோடு தொடர்பில்லாத மருத்துவக் கல்லூரி ஒன்றை வைத்து அந்த ஊர்களில் வீடு வீடாக நோய்க் கணக்கு எடுங்கள். அந்தக் கணக்கை எங்களிடமும் கொடுங்கள்.

பிறகு, தள்ளிவைத்த கூட்டத்தை நடத்துங்கள். மாவட்ட ஆட்சியர் தலைமையில், திட்ட எல்லைக்குள் இருக்கும் ஓர் ஊரில், கடற்கரையிலேயே. மாதத்தையும் நானே சொல்கிறேன். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் இருக்கும், ஆழ்கடலுக்குப் போன ஆண்கள் ஊர் திரும்பியிருப்பார்கள், எல்லோரும் வந்து பேச முடியும். ஆடி முதல் வாரத்தில் வையுங்கள். உங்கள் நிபுணர் குழுவிலிருந்து ஒருவராவது நேரில் வரட்டும். தங்க இடமும் சாப்பாடும் ஊர் பார்த்துக்கொள்ளும். பந்தலை எங்கே போட்டால் கடல் ஏறாது என்பதையும் நாங்களே காட்டித் தருகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியை ஒருத்தி,
கிள்ளியூர் வட்டக் கடலோரம், கன்னியாகுமரி மாவட்டம்